குடோன் நிலத்தில் 18 மாடி: பைலிங் தொடங்குவதற்குள் பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன செய்யணும்?

கன்னிகாபுரம்_முனை கேட்டது:

புளியந்தோப்பு பக்கம் பழைய குடோன் இருந்த ஒன்றரை ஏக்கர் இடத்தில் 18 மாடி, ரெண்டு பேஸ்மென்ட், 280 வீடு வருது. தகரவேலி அடிச்சாச்சு. மண் பரிசோதனைக்குத் துளை போட்டாச்சு. பைலிங் (அஸ்திவாரத்துக்கு ஆழமாத் தூண் இறக்குற வேலை) இன்னும் ஆரம்பிக்கல. மூணு பக்கமும் சுண்ணாம்புச் சாந்து வெச்சுக் கட்டின மெட்ராஸ் டெரஸ் வீடுங்க, நடுவுல ரெண்டு மாடி, மூணு மாடி வீடுங்க. தெருவில் பாதிப் பேர் "வரட்டும், நம்ம ஏரியா மதிப்பு ஏறும்" என்கிறார்கள். மீதிப் பேர் "தண்ணி, சாக்கடை, விரிசல் எல்லாம் நம்ம தலையில" என்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மனு எழுதணும். கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போ வைப்பாங்க? அதில் எதைக் கேட்கணும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

அளவுநாடா:

முதலில் ஒன்று: கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்க மாட்டார்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்று மத்திய அரசின் 2006 அறிவிக்கை சொல்கிறது. அதே அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்காகக் காத்திருந்தால் பேஸ்மென்ட் தோண்டி முடித்திருப்பார்கள்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒன்றரை ஏக்கர் என்றால் சுமார் 6,070 ச.மீ. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே உயரக் கட்டடம். 18 மீட்டர் சாலை இருந்தால் எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 3.25, அதற்கு மேல் காசு கட்டி வாங்கும் பிரீமியம் அதில் அதிகபட்சம் 50 சதவீதம். மொத்தம் 4.875 மடங்கு, ஏறக்குறைய 29,600 ச.மீ. அதனால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அந்த விண்ணப்பம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே, மழைநீர் எந்த வடிகாலில் சேரும் என்று விண்ணப்பித்தவரே எழுதிக் கொடுத்தது அதில் உண்டு. மனுவை அதை வைத்து எழுதுங்கள். அனுமதி இன்னும் வரவில்லை என்றால் ஆட்சேபத்தை எழுத்தில் அந்த ஆணையத்துக்கும் சிஎம்டிஏவுக்கும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுப்புங்கள். வந்துவிட்டது என்றால் 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம், அதற்கு மேல் கிடையாது.

இரண்டாவது, தகரவேலியில் ரெரா (வீடு கட்டி விற்கும் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அங்கீகரித்த வரைபடம் கிடைக்கும். அதில் சாலை அகலமும் பக்க இடைவெளியும் பாருங்கள். 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் 7 மீட்டர் விடணும், அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடும். 60 மீட்டர் கட்டடம் என்றால் 12 மீட்டர். அந்த இடம் தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்குத்தான், பார்க்கிங் கோடு போடுவதற்கு இல்லை. சாலையை நீங்களே நாடா பிடித்து அளந்து, வரைபடத்தில் இருக்கும் அகலத்தோடு ஒப்பிடுங்கள். ஆக்கிரமிப்பும் திருப்பமும் உள்ள தெருக்களில் இந்த இடத்தில்தான் முரண்பாடு வெளியே வரும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்று, போக்குவரத்துக் காவல்துறையின் சான்று, குடிநீர் வாரியக் கடிதம் மூன்றின் நகலையும் கேளுங்கள். "விவரம் தரவும்" என்று பொதுவாக எழுதாதீர்கள், சர்வே எண் போட்டு "நகல் தரவும்" என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வரணும்.

ஓட்டேரிக்கரை:

நீர்வளத் துறை சான்றுல ஒரே ஒரு எண் முக்கியம். மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்தணும்னு மீட்டர்ல எழுதியிருப்பாங்க. அந்த மட்டம் மனைக்குள்ள வெள்ளம் வராம இருக்கத்தான். பக்கத்துத் தெருவுக்கு என்ன ஆகும்ங்கிறதுக்கு அந்தக் காகிதத்துல பதில் தேடாதீங்க. உங்க தெரு நடு மட்டத்தையும் ஒரு சர்வேயரை வெச்சு எடுத்து ரெண்டையும் பக்கத்துல எழுதுங்க. மூணு அடி வித்தியாசம்னா, இதுவரைக்கும் குடோன் திடல்ல தேங்கி மெதுவா இறங்கின தண்ணி இனி கேட் சரிவு வழியா நேரா தெருவுக்கு வரும்.

எவ்வளவு தண்ணி? 6,070 ச.மீ.ல 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா ஆறு லட்சம் லிட்டர். அதை உள்ளேயே பிடிக்கத் தொட்டியும் ஊறல் கிணறும் எத்தனை, எவ்வளவு கொள்ளளவுன்னு கேளுங்க. நிரம்பி வழியுற தண்ணி எந்த வடிகால்ல சேருது, அந்த வடிகாலோட அகலம் ஆழம் என்ன, அது கடைசியில ஓட்டேரி நல்லாங்கிற ஓடைக்குப் போகுதா, கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் போகுதா? ரெண்டுமே பக்கிங்காம் கால்வாய்லதான் விழுது. பக்கிங்காம் நிறைஞ்சு நின்னா ரெண்டும் பின்னால தள்ளும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி எல்லாம் தண்ணியில நின்னது. அதனால "வடிகால் இணைப்பு உண்டு"ங்கிற ஒரு வரி பதிலை ஒத்துக்காதீங்க.

குடிதண்ணி: 280 வீடு, வீட்டுக்கு நாலு பேர், தலைக்கு 135 லிட்டர். ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். வாரியக் குழாய் முழுசாக் கொடுக்கலைன்னா 12,000 லிட்டர் லாரி பன்னிரண்டு பதிமூணு நடை. உங்க தெரு வழியா, தினமும். போர் போட்டு எடுக்கறதுன்னா 1987 சென்னை நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வேணும், அதையும் கேளுங்க. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மேல உறிஞ்சி நிலத்தடியில கடல் உப்பு ஏறின கதை நம்ம வடக்குக்கு நல்லாத் தெரியும்.

கழிவுநீர் 80 சதவீதம்னு வெச்சா 1,20,000 லிட்டர். உள்ளேயே சுத்திகரிச்சு கழிப்பறைக்குத் திருப்பி விடுவோம்னு எழுதுவாங்க. தலைக்கு 45 லிட்டர்னு வெச்சாலும் அதுக்கு 50,000 தான் போகும். செடிக்குக் கொஞ்சம். மிச்சம் அறுபதாயிரத்துக்கு மேல எங்கே? மனுவுல இந்தக் கேள்வியை அப்படியே போடுங்க. பழைய பாதாள சாக்கடைக் குழாய்ல விட்டா உங்க வீட்டு வாசல் மேன்ஹோல்தான் பொங்கும்.

சுண்ணாம்புச்சாந்து:

விரிசல் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தாமதித்தால் பிறகு நிரூபிக்கவே முடியாது.

இரண்டு பேஸ்மென்ட் என்றால் ஏழு மீட்டர் ஆழம். அந்தக் குழியின் விளிம்பிலிருந்து அதன் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 14 மீட்டர் வரை தரை இறங்க வாய்ப்பு உண்டு. உங்கள் பகுதியில் மணலும் களியும் மாறி மாறி வரும், நீர்மட்டமும் மேலேயே இருக்கும். மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு அஸ்திவாரம் மூன்று நான்கு அடிதான். அந்தச் சுவர் எடையை நன்றாகத் தாங்கும், ஒரு மூலை மட்டும் இறங்குவதைத் தாங்காது.

பைலிங்குக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை அறிக்கை எடுக்க வையுங்கள். ஒவ்வொரு சுவர், கூரை, தூண், கதவு மூலை எல்லாவற்றுக்கும் அளவுகோல் வைத்துத் தேதியோடு படம். இருக்கிற விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு, தேதி. பெரிய விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதியுங்கள், அசைந்தால் கண்ணாடி உடையும். அறிக்கையில் கட்டுபவர் தரப்புப் பொறியாளரும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளணும். வாடகை வீடு என்றாலும் எடுங்கள்.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியது பம்பு தண்ணீர். குழியிலிருந்து இறைக்கும் நீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தெளிந்த நீர் என்றால் பரவாயில்லை. அடியில் மணல் படிந்தால் உங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்தான் வெளியே வருகிறது, அன்றைக்கே எழுத்தில் நிறுத்தச் சொல்லணும். தெருக் கிணறு இருந்தால் வாரம் ஒரு முறை கயிறு விட்டு நீர்மட்டம் குறியுங்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாகப் போகும் விரிசலும், திடீரென்று சிக்கும் கதவும் தரை இறங்குவதன் அடையாளம். பூச்சில் வரும் மயிரிழை வலைப்பின்னல் வேறு, அதற்காகப் பயப்பட வேண்டாம்.

எந்த முறையில் தோண்டுகிறார்கள் என்று கேளுங்கள். துளையிட்டு வார்க்கும் பைல் என்றால் அதிர்வு குறைவு. தாங்குசுவர்த் தகடுகளை அதிர்வு சுத்தியலால் இறக்கினால் பழைய வீட்டுக்கு ஆகாது, அழுத்தி இறக்கும் எந்திரம் கேளுங்கள். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டமைப்பு வடிவமைப்பை வேறொரு நிபுணர் சரிபார்த்த சான்றைக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூலக்கடை_சிக்னல்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் மாடி கூடவே கூடாது என்ற மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதே ஒன்றரை ஏக்கரைச் சின்னச் சின்ன மனையாகப் பிரித்து, ஒட்டி ஒட்டி அஞ்சு மாடி கட்டினால் ஊறல் கிணற்றுக்கும் இடம் இருக்காது, வண்டி எல்லாம் தெருவில் நிற்கும், சுற்றுச்சூழல் அனுமதி என்ற கேள்வியே எழாது. உயரமாகக் கட்டும்போதுதான் தரையில் 12 மீட்டர் வெற்றிடம் கிடைக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் பாதை ஓட்டேரி, பட்டாளம் வழியாக வருகிறது. நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கூடுவது நியாயம்தான். தென்சென்னைக்கு மட்டும் கோபுரம், நமக்குக் குடோனும் கன்டெய்னர் லாரியும் என்று எத்தனை நாளைக்கு?

கேட்க வேண்டியது திறந்தவெளி. மனை 3,000 ச.மீ.க்கு மேல் போனால் அதில் பத்து சதவீதம் ஒதுக்கணும், உங்கள் கணக்கில் 607 ச.மீ. 10,000 ச.மீ. வரை உள்ள மனையில் நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழி இருக்கிறது. நிலமாகத்தான் வேண்டும், தெருப் பக்கம் வாசலோடு வேண்டும் என்று மனுவில் முதல் வரியாக எழுதுங்கள். பணம் போனால் அந்தப் பூங்கா உங்கள் தெருவுக்கு வராது.

அங்கேயே வீடு வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு: 4.875 எஃப்எஸ்ஐயில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு யுடிஎஸ் (நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) சுமார் 205 சதுர அடிதான் வரும். எஃப்எஸ்ஐ 2 உள்ள சின்னக் கட்டடத்தில் அதுவே 500. விலை பேசும்போது இதை மறக்காதீர்கள். ஒப்பந்தம் பதிவதற்கு முன் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் வேண்டாம்.

ஓட்டேரிக்கரை:

12 மீட்டர் வெற்றிடம்னு சொல்றீங்களே, அதுக்கு அடியில பேஸ்மென்ட் கூரை ஓடினா தண்ணி எங்க ஊறும்? வரைபடத்துல பேஸ்மென்ட் எல்லைக் கோடு எதுவரைக்கும் போகுதுன்னு பாருங்க. மேல புல், கீழ கான்கிரீட்டுன்னா அது ஊறல் நிலம் கணக்குல வராது. இது தீர்ந்தா நானும் உங்க பக்கம்தான்.

மூலக்கடை_சிக்னல்:

ஒத்துக்கொள்கிறேன். பேஸ்மென்ட் எல்லையையும் மனுவில் சேருங்கள்.

கன்னிகாபுரம்_முனை:

எல்லாருக்கும் நன்றி. வேலியில் ரெரா எண் இருக்கு. சுற்றுச்சூழல் அனுமதி வந்தாச்சுன்னு பரிவேஷில் காட்டுது, 19 நாள் ஆச்சு. ராத்திரி வேலை பற்றியும், பைல் துளை சரியாம இருக்க ஊத்துற பெண்டோனைட் களிக்குழம்பு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்க.

அளவுநாடா:

அப்படியென்றால் மேல்முறையீட்டுக்கு உங்களிடம் 11 நாள் இருக்கிறது. முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், மனு அதற்குப் பிறகு. அனுமதி நிபந்தனைகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 1, டிசம்பர் 1 இரண்டு தேதிக்கும் அவர்கள் நிறைவேற்ற அறிக்கை கொடுக்கணும், அதைப் படித்து நேரில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் 45 டெசிபல்தான்.

சுண்ணாம்புச்சாந்து:

பெண்டோனைட் குழம்பைத் தொட்டியில் தேக்கி லாரியில் எடுத்துப் போகணும். மழைநீர் வடிகாலில் விட்டால் அடியில் படிந்து ஓட்டத்தை அடைத்துவிடும். பைலிங் ஆரம்பிக்கும் முன் வடிகால் மூடியைத் திறந்து ஆழம் அளந்து படம் எடுங்கள், முடிந்ததும் திரும்ப அளங்கள். குறைந்திருந்தால் தூர் வாரும் செலவு கட்டுபவருடையது, அக்டோபருக்கு முன்னால் வாரி முடிக்கணும்.