இண்டர்வியூவில் இடைவெளியைப் பற்றிக் கேட்டால்?

கேள்வி:
வியாழக்கிழமை இண்டர்வியூ, கணக்குப் பிரிவு வேலை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு வீட்டில் இருந்தேன். அதைக் கேட்டால் எப்படிச் சொல்வது?

பதில் 1:
ஆள் எடுக்கும் பக்கம் உட்காருகிறவன் நான். இடைவெளி பெரிய விஷயமே இல்லை, மழுப்பினால்தான் உறுத்தும். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேறிவிட்டார்’ என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு வேலை விஷயத்துக்கு வாருங்கள். நீட்டி முழக்கினால் நாங்களே தோண்ட ஆரம்பித்துவிடுவோம்.

அப்புறம், பயோடேட்டாவில் ‘எக்செல் நன்றாகத் தெரியும்’ என்று எழுதியிருக்கிறீர்களா? (எழுதாதவரை நான் பார்த்ததில்லை.) ஒரு பிவட் டேபிளாவது (நீளமான பட்டியலைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை) போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். வங்கி இருப்பும் நம் புத்தக இருப்பும் ஒத்துப்போகாவிட்டால் எங்கே தேடுவீர்கள் என்றும் கேட்பேன். கொடுத்தும் இன்னும் பணமாகாத காசோலை, நாம் பதியாமல் விட்ட வங்கிக் கட்டணம் இரண்டும் உடனே வாயில் வர வேண்டும்.

பதில் 2:
மனப்பாடம் மட்டும் வேண்டாம். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் போச்சு. போனில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள்.

கேட்டவர்:
சரி, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால்?

பதில் 1:
இந்த வேலைக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று முதலில் நீங்கள் கேளுங்கள். விடாப்பிடியாக நின்றால் ‘இதிலிருந்து இதுவரை’ என்று சொல்லுங்கள். அதில் கீழ்த்தொகையே உங்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும், எங்கள் கண் அதில்தான் நிற்கும்.