றிவெற் அடித்த பழைய பாலங்களில் கண்டவை
(எழுதினவர்களின் பெயருக்குப் பதிலாக அவர்களின் கொழும்பு இடப்பெயர்)

கொட்டாஞ்சேனை:
பழைய இரும்புப் பாலத்தைக் கழற்றிப் புதுசு போடுவமா என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் றிவெற் (தகடுகளைப் பிணைக்கும் இருபக்கத் தலையுள்ள ஆணி) எண்ணத் தொடங்கிவிடுவார்கள். முதலில் பாலம் தூணில் உட்காரும் உருளைகளைப் பாருங்கோ. 30 மீற்றர் இரும்புக் கேடர் (பாலத்தைத் தாங்கும் நீள விட்டம்), வெப்பநிலை 20 பாகை கூடினால் 7 மில்லிமீற்றர் நீளும். உருளை மண்ணிலும் துருவிலும் இறுகிக் கிடந்தால் அந்த 7 மில்லிமீற்றரும் தூணின் தலையை உதைக்கும். கருங்கல்லில் வெடிப்பைக் கண்டதும் அத்திவாரம் இறங்கிட்டுது என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது தார். 50 மில்லிமீற்றர் தார் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 120 கிலோ. 7 மீற்றர் அகலப் பாலத்தில் அதே 30 மீற்றருக்கு 25 தொன். பழசைச் சுரண்டாமல் இரண்டு தரம் போட்டால் 50 தொன், ஒரு பஸ் கூட ஏறாமலே!

வெள்ளவத்தை:
அண்ணை, றிவெற்றையும் விடேலாது. ஒரு பக்கத் தலையில் விரலை வைத்து, மறுபக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கோ. விரலில் அதிர்ந்தால் தளர்ந்தது. தலையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் வழிந்த கோடும் அதே கதைதான். தளர்ந்ததைக் காஸ் கட்டரால் வெட்டினால் பக்கத்துத் தகடு கெடும். தலையை கிறைண்டரால் சீவி, உடலைத் துளைத்து எடுத்து, துளையைச் சீராக்கி, உயர் வலு போல்ற் போட்டு இறுக்கிய பிறகுதான் அடுத்ததில் கை வைக்கவேண்டும். நாலைந்தை ஒன்றாகக் கழற்றினால் தகடு நகரும், துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வெல்டிங்? மாதிரி வெட்டிச் சோதிக்காமல் வேண்டாம். பழைய இரும்பில் கந்தகமும் பொசுபரசும் அதிகம், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே பிளக்கும்.

கொட்டாஞ்சேனை:
ஓம், அதுவும் சரி. களனி ஆற்றில் 1959 பாலத்தை இடிக்காமல் பக்கத்தில் 380 மீற்றர் கேபிள் பாலம் கட்டி 2021 இல் திறந்தார்கள். பழசின் பாரத்தைக் குறைக்க அது நல்ல வழி. ஆனால் அதற்கு இடமும் காசும் வேண்டும்.

மட்டக்குளி:
பெயின்ற் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. இங்கே கடல் காற்று. உப்பை நல்ல தண்ணீரால் அழுத்திக் கழுவாமல் பூசினால் ஒரு மழைக்காலத்திலேயே கொப்புளம் கிளம்பும். காற்றில் ஈரப்பதம் 85 வீதத்துக்கு மேலே போனால் தூரிகையைக் கீழே வையுங்கோ. இரும்பின் சூடு பனிபடும் நிலையிலிருந்து (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 பாகையாவது கூட இருக்கவேண்டும். விடியக்காலையில் அநேகமாகச் சரிவராது. பழைய செந்நிற அடிப்பூச்சில் ஈயம் இருக்கும், சுரண்டின தூள் ஆற்றில் விழாமல் கீழே படங்கு கட்டுங்கோ.