மாடு ஏற்றும் பழைய டிராக்டர் டிரெய்லர்: சரிசெய்வதா, புதுசு வாங்குவதா?

ஆனேக்கல் பால்பண்ணை:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ஆனேக்கல் தாலூகா, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கம் நாங்கள். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பினப் பசுக்கள் எட்டும் ஒரு ஜோடி ஹள்ளிகார் காளையும் இருக்கின்றன. அப்பா 2003-ல் வாங்கிய இரண்டு சக்கர டிரெய்லர்தான் இன்னும் ஓடுகிறது. 10 அடி நீளம், 6 அடி அகலம். எரு, சோளத்தட்டை, மாடு எல்லாம் அதில்தான். அப்பா காலமான பிறகு நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம்.

போன வாரம் ஒரு சினைப் பசுவை ஏற்றும்போது அதன் பின்னங்கால் தரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் குளம்புக்கு மேலே நல்ல வெட்டு. அன்றிலிருந்து எந்த மாட்டையும் ஏற்ற மனம் வரவில்லை.

ஒரு பட்டறையில் புதுத் தகடு போட 45 ஆயிரம் என்றார்கள். இன்னொருவர், இதற்குச் செலவு செய்வதே வீண், 1 லட்சத்து 70 ஆயிரத்துக்குப் புதுசே செய்து தருகிறேன் என்கிறார். பக்கப் பலகைகளும் டயரும் நன்றாகத்தான் இருக்கின்றன. டிராக்டரோடு இணைக்கிற டிராபாரில் ஒரு மெல்லிய விரிசல் தெரிகிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பீன்யா பட்டறை:

தங்கச்சி, தகடு போனால் மாற்றிக்கொள்ளலாம். எனக்குக் கவலை அந்த டிராபார் விரிசல்தான். முன்பு யாராவது வெல்டிங் வைத்த இடமா அது? ஒட்டின இடத்திலேயே மறுபடி விட்டிருந்தால், முதல் தடவை மேலாகப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். எரு ஒரே இடத்தில் கிடக்கும். மாடு அப்படி இல்லை. 400, 500 கிலோ உயிர் நின்றபடியே காலை மாற்றி மாற்றி வைக்கும். ரோடு வளைகிற இடமெல்லாம் சாயும். அந்த ஆட்டம் அத்தனையும் டிராபாருக்குத்தான் வந்து சேரும்.

தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் விலை சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். மாட்டு மூத்திரம் தகட்டுக்கும் அடியில் அதைத் தாங்குகிற குறுக்குச் சேனலுக்கும் (இரும்புச் சட்டம்) நடுவில் போய்த் தங்கிவிடும். அங்கே காற்று படாது, காயாது. மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே சேனல் ஏடு ஏடாக உரிந்து வரும். எருவும் ஏற்றுகிற வண்டி என்றால் இன்னும் வேகமாக அரிக்கும். முதலில் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் ஒரு சுத்தியால் ஒவ்வொரு சேனலையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், அரித்த இரும்பு பொத்தென்று கேட்கும். சந்தேகப்படுகிற இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் குத்திப் பாருங்கள்.

நீளவாட்டில் ஓடுகிற இரண்டு மெயின் சேனலும் கெட்டியாக இருந்தால் வண்டியைக் காப்பாற்றலாம். குறுக்குச் சேனல் மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் ஸ்பிரிங் பட்டை வந்து உட்காருகிற இடத்தில் மெயின் சேனலே அரித்திருந்தால் யோசிக்க வேண்டாம், காயலான் கடைதான். மொத்த எடையும் அங்கேதான் இறங்குகிறது.

விரிசலைச் சரிசெய்யக் கொடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு விரிசல் மேலே ஓடாமல் நிறுத்த வேண்டும். கிரைண்டரால் அந்தக் கோட்டைப் பள்ளமாகத் தோண்டி, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மேலே இரும்புப் பட்டி வைத்தால் அதன் முனைகள் சாய்வாக இருக்கட்டும். சேனலுக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் ஓட்டினால் அடுத்த விரிசல் அங்கேதான் வரும். வெல்டிங் நடக்கும்போது டிராக்டரைக் கழற்றி ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் போகும்.

தகட்டுக்கு 5 மி.மீ. செக்கர் பிளேட் (மேலே புடைப்பு வைத்த இரும்புத் தகடு) என்பார்கள். 60 சதுர அடிக்கு அது 220 கிலோவுக்கு மேல் வரும். இரும்புக் கடையில் கிலோ விலை கேட்டுப் பெருக்கிப் பாருங்கள், 45 ஆயிரத்தில் இரும்பு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் தரைக்குப் பலகைதான் நல்லது. ஒன்றரை அங்குலம் கனத்தில் முற்றிய மரம், பலகைக்கும் பலகைக்கும் நடுவே கால் அங்குலச் சந்து. மூத்திரம் கீழே இறங்கிவிடும், குளம்புக்கும் பிடிப்பு இருக்கும். ஒன்று உளுத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ஹொசகோட்டே விவசாயி:

நான் வேறு மாதிரி சொல்வேன். மாட்டை மாதம் ஒரு தடவைகூட ஏற்றப் போவதில்லை என்றால் டிரெய்லரை எருவுக்கும் தட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வாடகை பிக்கப் போதும். ஆனேக்கலிலிருந்து ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் ஊரையே குறுக்காகத் தாண்ட வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் டிராக்டர் கட்டி நோய்ப்பட்ட மாட்டை நிறுத்திவைப்பது பாவம். வாடகை வண்டியில் தரை வழுக்கும், அதனால் தேங்காய் நார் விரிப்பு நாமே கொண்டுபோக வேண்டும்.

காயலான் கடைக்குப் போடுவதாக முடிவு செய்தால் டிரெய்லரின் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ரத்து செய்துவிட்டுப் போடுங்கள். டிராக்டருக்கு ஒரு பதிவு, டிரெய்லருக்குத் தனிப் பதிவு.

கால்நடை டாக்டர்:

முதலில் அந்தப் பசு. சினை மாடு என்பதால் காயத்தைத் தினமும் பாருங்கள். வீக்கம் முழங்காலை நோக்கி ஏறினாலோ, தீவனம் குறைந்தாலோ உடனே பக்கத்து மருத்துவரை வீட்டுக்கு அழையுங்கள். வண்டியில் ஏற்ற வேண்டாம்.

டிரெய்லரைச் சரிசெய்தாலும், புதுசு செய்தாலும், உள்ளே தடுப்பு வைத்தே செய்யுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015-ல் வந்த திருத்தம் 2016 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி பசுவுக்கும் எருமைக்கும் தலைக்கு 2 சதுர மீட்டர் இடம் தர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நிலையான தடுப்பும் வேண்டும். உங்கள் 60 சதுர அடி ஏறக்குறைய ஐந்தரை சதுர மீட்டர். அதாவது இரண்டு மாடு, மூன்றாவதற்கு இடமில்லை. 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் தரையில் நார் விரிப்போ பலகையோ இருக்க வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும், வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்கின்றன. மாடு முடிந்தவரை எஞ்சின் பக்கம் முகம் வைத்து நிற்பது நல்லது, மிரளாது. பயணத்துக்கு மாடு தகுதியானது என்று மருத்துவர் சான்றும் வேண்டும். கர்நாடகாவில் 2020-ம் ஆண்டுப் பசுவதைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகு வழியில் நிறுத்திக் கேட்கிறார்கள். பண்ணைக்காகவோ சிகிச்சைக்காகவோ கொண்டுபோகிறோம் என்பதற்குக் காகிதம் கையில் இருக்கட்டும்.

ஆனேக்கல் பால்பண்ணை:

பசுவுக்கு வீக்கம் வடிகிறது டாக்டர், நன்றாகத் தின்கிறது. நேற்று தம்பி தகட்டை முழுக்க எடுத்துவிட்டான். மெயின் சேனல் இரண்டும் கெட்டி. குறுக்குச் சேனல்களில் மூன்று, கையால் தொட்டாலே உதிர்கிறது. விரிசல், அண்ணன் கேட்டதுபோல, பழைய வெல்டிங் மேலேதான். அதனால் டிராபார் புதுசு, குறுக்குச் சேனல் மூன்று, பலகைத் தரை, நடுவில் தடுப்பு என்று முடிவு செய்துவிட்டோம். ஹெப்பாளுக்கு மட்டும் பிக்கப். பின்னால் ஒரு சாய்வுப் பலகை வைக்கலாமா அண்ணா? தரையிலிருந்து தளம் 3 அடி உயரம்.

பீன்யா பட்டறை:

நல்ல முடிவு. சாய்வு ஒரு அடி உயரத்துக்கு மூன்றடி நீளமாவது வேண்டும். 3 அடிக்கு 9 அடிப் பலகை, இரண்டு பேரால் தூக்கி வைக்க முடியாது. தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை அடிக்கு மண் திட்டு கெட்டியாகப் போட்டு, வண்டியைப் பின்பக்கமாக அதில் ஒட்டி நிறுத்துங்கள். அப்போது நாலரை அடிப் பலகை போதும். அதன்மேல் குறுக்கே சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் மாட்டுக்கு வெளியே தெரியாதபடி அடைத்துவிடுங்கள். பலகையின் மேல்முனையில் கொக்கி வைத்து வண்டியில் மாட்டி, பூட்டு ஊசி போட்ட பிறகுதான் முதல் மாட்டை ஏற்ற வேண்டும். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைக்க மறக்காதீர்கள். சக்கரத்தின் ஹப் பேரிங் இரண்டையும் இந்த வேலையோடு கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் போட்டுவிடச் சொல்லுங்கள்.