ஏரோசோலுக்குத் தமிழ் என்ன? வியாழன் அச்சுக்குக் கொடுக்க வேணும்

உயிரியல் ரீச்சர், உப்புவெளி – திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். மாரி தொடங்க முன்னம் பாடசாலைகளுக்கும் ரியூட்டரிகளுக்கும் இன்புளுவென்சா பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம். கை கழுவுதல், தடுப்பூசி, காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டில் மறித்து வைத்தல் எல்லாம் எழுதியாயிற்று. ஒரு பந்தியில்தான் பேனை நிற்கிறது. இருமும்போது தெறித்து நிலத்தில் விழுகிற துளி வேறு. விழாமல் காற்றிலேயே நிற்கிற மிகச் சிறிய துளி வேறு. முதலாவதற்குத் துளி போதும். இரண்டாவதை வகுப்பில் ஏரோசோல் என்றுதான் சொல்கிறேன். அதைக் கேட்டால் பிள்ளைகளுக்கு நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிறே டின்தான் ஞாபகம் வருகிறது. ஒரு சொல் தாருங்கோ.

மொழிபெயர்ப்பாளர், மூதூர் – திங்கள் இரவு

ரீச்சர், வளித்துமி. வளிமண்டலத்தில் இருந்து வளி, கம்பனிடம் இருந்து துமி. சேது கட்டும்போது குமுதன் என்ற வானரன் போட்ட மலையில் கடல்துமி வானுலகம் வரை தெறித்ததாகக் கம்பன் பாட, அப்படி ஒரு சொல் வழக்கில் உண்டோ என்று ஒட்டக்கூத்தர் மறித்தாராம். பிறகு மோர் கடைகிற ஆய்ச்சி ஒருத்தி, 'பிள்ளைகாள், மோர்த்துமி தெறிக்கும், எட்டப் போங்கோ' என்றதைக் காதால் கேட்டுத்தான் ஒத்துக்கொண்டாராம். எட்ட நில் என்று முதலில் சொன்ன சுகாதாரப் பரிசோதகர் அந்த ஆய்ச்சிதான்.

பண்டிதர், தம்பலகாமம் – செவ்வாய் காலை

தம்பி சொன்ன கதை கதைதான், சொல் நல்ல சொல். ஆனால் துமி தனியாள் இல்லை. துளி, துவலை, திவலை, தூறல், தூவு எல்லாம் ஒரு குடும்பம். 'து' என்றாலே சிதறல். தும்மலும் துமியின் பிள்ளைதான் என்பது என் துணிபு. துமித்தல் என்றால் வெட்டுதல் என்றும் பொருள் உண்டு. நீர் வெட்டுண்டு சிதறினால் துமி, மூச்சு வெட்டுண்டு சிதறினால் தும்மல். நெடுநல்வாடையில் கூதிர்காலத்து வீதியில் கள்ளுண்டவர்கள் 'துவலைத் தண்துளி பேணார்' திரிகிறார்கள். பேணார் என்றால் பொருட்படுத்தார். ரீச்சர் பிரசுரம் அடிப்பதே அந்தப் பேணாதவர்களுக்குத்தானே?

இன்னொன்று. இன்புளுவென்சா என்பது இத்தாலியச் சொல். விண்மீன்களின் செல்வாக்கால் வருகிற நோய் என்று அந்தக் காலத்தில் நம்பியதால் வந்த பெயர். நம்மிடமும் கோள்தானே ஆட்டுகிறது? கோணமாமலையைப் பாடிய சம்பந்தரே கோளறு பதிகமும் பாடினார். ஆகவே அந்தக் காய்ச்சலைக் 'கோட்சுரம்' என்று –

மட்டுறுத்துநர் – செவ்வாய் காலை

ஐயா, ஏரோசோல்.

சென்னை அன்பர் – செவ்வாய் மதியம்

நாங்கள் தூசிப்படலம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். வளி என்றால் இங்கே புயல் செய்தி மாதிரித் தெரியும். ஏற்கெனவே உங்கள் நிர்ப்பீடனம் எங்களுக்கு நோயெதிர்ப்பு. அதையே ஒன்றாக்க முடியவில்லை. இன்னொரு பிளவு வேண்டுமா?

மொழிபெயர்ப்பாளர், மூதூர் – செவ்வாய் மதியம்

வளி எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்புச் சொல், அண்ணா. தூசிப்படலம் என்று போட்டால் வீட்டைக் கூட்டித் துடைத்தால் சரி என்று நினைப்பார்கள். எச்சில் எங்கே, தூசி எங்கே? நிர்ப்பீடனத்தில் மட்டும் நீங்கள் சொல்வது நியாயம். பரீட்சைக்குப் படித்தவர்கள் தவிர வேறு யாரும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

டொக்டர், கிண்ணியா – செவ்வாய் இரவு

கிளினிக் முடிந்து இப்பதான் வாசித்தேன். சொல்லைப் பிடிக்க முன்னம் பொருளைப் பிடிப்போம். மோர்த்துமி கீழே விழும். தெறிக்கும் என்று ஆய்ச்சி எட்டப் போகச் சொன்னதும் அதனால்தான். 100 மைக்கிரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுத் துளி ஆளுயரத்தில் இருந்து சில விநாடியில் நிலத்துக்கு வந்துவிடும். 5 மைக்கிரோமீற்றர் துளிக்குக் காற்றசையாத அறையில் அரை மணித்தியாலம் பிடிக்கும்; அதைவிடச் சிறியது இன்னும் நேரம் நிற்கும். துளி விழ முன்னமே நீர் வற்றினால் மிச்சம் மிதக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் 1934 இலேயே எழுதிவிட்டார். பிறகு வந்த பாடநூல்கள் 5 மைக்கிரோமீற்றரில் ஒரு கோடு கிழித்து, மேலே துளி, கீழே ஏரோசோல் என்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2024 இல் அந்தக் கோட்டை அழித்து, எல்லாவற்றையும் சேர்த்துத் 'தொற்றுண்டாக்கும் சுவாசத் துகள்கள்' என்ற பொருளில் ஒரே பெயர் வைத்தது. அவர்களே இப்பதான் பெயரைத் திருத்துகிறார்கள், நாங்கள் வியாழனுக்குள் முடிக்கப் பார்க்கிறோம்.

ஆனால் அந்தப் பந்தியை விட்டுவிடாதீங்கோ ரீச்சர். 1977 இல் அலஸ்காவில் ஒரு விமானம் பழுதாகி மூன்று மணித்தியாலமளவு தரையில் நின்றது. காற்றோட்டம் ஓடவில்லை, உள்ளே இருந்த ஒருவருக்கு இன்புளுவென்சா. 72 மணித்தியாலத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் விழுந்துவிட்டார்கள். யன்னல் சாத்திய ரியூட்டரியும் அதுதான். காய்ச்சல் தெரிவதற்கு முதல் நாளே பிள்ளை பரப்பத் தொடங்கிவிடும். ஆக இருமுகிறவனைப் பார்த்து எட்ட நிற்பது மட்டும் காணாது.

பண்டிதர், தம்பலகாமம் – செவ்வாய், நள்ளிரவுக்குச் சற்று முன்

டொக்டர் அரை மணித்தியாலம் நிற்கும் என்றவுடன் நித்திரை போய்விட்டது. மழை விட்டாலும் தூவானம் விடவில்லை! இருமல் மழை, மிதப்பது தூவானம். இருமினவன் எழும்பிப் போனாலும் தூவானம் அறையில் நிற்கும். புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம், பாமரனும் பண்டிதனும் அறிந்த சொல். நோய்த்தூவானம் என்று போடுங்கோ பிள்ளை.

சென்னை அன்பர் – புதன் காலை

அருமை. தூசிப்படலத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், மூதூர் – புதன் காலை

வளித்துமியை விட நல்லாத்தான் இருக்கு. வயிற்றெரிச்சலோடு வாக்களிக்கிறேன்.

குடும்பநல உத்தியோகத்தர், சாம்பல்தீவு – புதன் மதியம்

நான் வழமையாக வாசிக்கிறதோடு சரி. இன்றைக்கு ஒன்று சொல்ல வேணும். மாரிக்கு நான் போகிற வீட்டில் எல்லாம் அம்மாமார் சொல்வது என்ன? 'தூவானம் அடிக்குது, யன்னலச் சாத்து பிள்ளை.' நீங்கள் தாளில் 'நோய்த்தூவானம் பரவும், யன்னலைத் திறவுங்கள்' என்று போடப்போறீங்கள். தூவானத்துக்கு யன்னலைத் திறக்கிற ஆள் திருகோணமலையில் இருக்கா? மழை பெய்கிற வீட்டில் அந்தத் தாளைப் பார்த்தவர் இருக்கிற ஒரு யன்னலையும் சாத்திப்போடுவார்.

பெயரே வேண்டாம் என்பது என் எண்ணம். 'இருமினவர் போன பிறகும் அவர் விட்ட மூச்சு அறையில் நிற்கும். மழை அடிக்காத பக்கத்து யன்னலைத் திறந்து விடுங்கள்.' காணாதா?

டொக்டர், கிண்ணியா – புதன் மதியம்

தங்கச்சி சொல்வதில் மறுப்புச் சொல்ல ஒன்றுமில்லை. தூவானத்தை நான் கைவிடுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், மூதூர் – புதன் மாலை

பெயர் வைக்காமல் தப்புவது இந்த ஒரு தாளுக்குச் சரி. நாளைக்கு உயர்தர வகுப்புக் குறிப்பில் என்ன எழுதுவது? ஒவ்வொரு முறையும் ஒரு வசனமா? திரும்ப வளித்துமியை வைக்கிறேன். முடியாது என்றால் நுண்துளி.

பண்டிதர், தம்பலகாமம் – புதன் இரவு

தாளில் தூவானம் சிக்கல் என்பதை ஏற்கிறேன். அகராதியில் சிக்கல் இல்லையே! யன்னலுக்குப் பயந்து சொல்லைக் கொல்லலாமா? நுண்துளி கலைச்சொல்லே இல்லை, வெறும் வருணனை. டொக்டர் சொன்ன 100 மைக்கிரோமீற்றரும் கண்ணுக்கு நுண்மைதான். அது விழுகிறது, இது விழவில்லை, அந்த வேறுபாடு சொல்லில் எங்கே? போதாக்குறைக்குப் புணர்ச்சியும் பிழை. 'ணளமுன் டணவும்', அதாவது ண், ள் முன் வருகிற த, ந என்பவை ட, ண ஆகும் என்று நன்னூல் இருக்க நுண்துளி எப்படி வரும்? நுண்டுளி.

மொழிபெயர்ப்பாளர், மூதூர் – புதன் இரவு

நுண்டுளி என்று அச்சிட்டால் பிழை விட்டிருக்கிறீர்கள் என்று நாலு பேர் ரீச்சருக்கு அழைப்பெடுப்பார்கள், ஐயா.

பண்டிதர், தம்பலகாமம் – புதன் இரவு

எடுக்கட்டும். நன்னூல் படித்த நாலு பேர் ஊரில் இருப்பது எனக்குத் தெரியவரும்.

உயிரியல் ரீச்சர், உப்புவெளி – வியாழன் காலை

அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். சாம்பல்தீவுத் தங்கச்சியின் இரண்டு வசனமும் அப்படியே போகிறது, கீழே சிறிய எழுத்தில் ஒரே ஒரு இடத்தில் 'காற்றில் நிற்கும் நுண்துளி'. எழுதியவர்களில் மூன்று பேர் அதற்குச் சரி என்றார்கள், மற்றவர்கள் களைத்துப்போனார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வகுப்பில் இந்தத் தவணை வளித்துமி சொல்லிப் பார்க்கிறேன். பண்டிதர் ஐயா கோபிக்க வேண்டாம்.

பண்டிதர், தம்பலகாமம் – வியாழன் காலை

கோபம் இல்லை பிள்ளை. எனக்கு இருபது தாள் அனுப்பிவிடுங்கோ, கோயிலடியில் நானே கொடுக்கிறேன். ஆனால் அது தூவானந்தான்.