தேதி இல்லாத ஜப்பானிய விளம்பரத் தாள்: எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழந்தாள்:
பத்திரிகையிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். எதிலும் தேதி கிடையாது.

ஒன்றில் சட்டைப்பைக்குள் டிரான்சிஸ்டர் ரேடியோ. சோனி முத்திரை, 13,800 யென். ஆனால் அடியில் இருக்கும் நிறுவனப் பெயர் சோனி இல்லை, நீளமான கான்ஜி எழுத்துகள் (ஜப்பானியர்கள் பயன்படுத்தும் சீன எழுத்துகள்). போலியா?

இன்னொன்றில் நீல நிறக் கேசட் பிளேயர், 33,000 யென். மாடல் எண் இருந்த மூலை கிழிந்துவிட்டது. தொலைபேசி எண் 03-க்குப் (டோக்கியோ குறியீடு) பிறகு 7 இலக்கம்.

வால்வுசெட்:
போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கான்ஜி 'டோக்கியோ ட்சூஷின் கோக்யோ' என்றால், அது சோனி நிறுவனத்தின் பழைய பெயர், கணக்கு சரியாக வருகிறது. 1955-லிருந்து சோனி என்பது பொருளின் பிராண்டு மட்டும்தான். நிறுவனமே அந்தப் பெயருக்கு மாறியது 1958 ஜனவரியில். 13,800 யென் என்பது 1957 மார்ச்சில் வந்த டிஆர்-63. ஆக 1957. பெயர் மாறும் முன்பே அச்சுக்குப் போன விளம்பரம் என்றால் ஓரிரு மாதம் தள்ளலாம்.

படத்திலுள்ள பையை வைத்து ரேடியோவின் அளவைக் கணிக்க வேண்டாம். அந்த ரேடியோ சாதாரணச் சட்டைப்பையைவிடக் கொஞ்சம் பெரிது. விற்பனையாளர்களுக்குப் பெரிய பை வைத்த சட்டை தைத்துக் கொடுத்ததை சோனி நிறுவனர்களில் ஒருவரான மொரிட்டாவே சொல்லியிருக்கிறார்!

முகவரியையும் பாருங்கள். அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1968 ஜூலைக்குப் பிறகு அச்சானது. அதுவே 7 இலக்கம் என்றால் 1998 பிப்ரவரிக்குப் பிறகு. உங்கள் ரேடியோ தாளில் அப்படி ஒரு எண் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மற்ற பிராண்டுகளுக்கும் இதே வழிதான்: ஹயகாவா டென்கி 1970-ல் ஷார்ப் ஆனது, ட்ரையோ 1986-ல் கென்வுட், மட்சுஷிடா 2008 அக்டோபரில் பானாசோனிக்.

நாடாச்சுருள்:
இரண்டாவது, முதல் வாக்மேன் டிபிஎஸ்-எல்2. 1979 ஜூலை 1 வெளியீடு, விலையும் அதேதான். ஹெட்போன் துளைகள் இரண்டு இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் 'கைஸ் அண்ட் டால்ஸ்' என்றிருந்தால் தொடக்க காலத் தயாரிப்பு, 'ஏ', 'பி' என்றிருந்தால் பிந்தையது. ஆனால் பழைய படத்தையே பிறகும் அச்சிட்டிருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்க விளம்பரம் என்றால் பெயர் சவுண்டபவுட், பிரிட்டனில் ஸ்டோஅவே.

தொலைபேசி எண்ணில் ஒரு பொறி உண்டு. டோக்கியோ எண்கள் 8 இலக்கமானது 1991 ஜனவரி 1-ல். ஒசாகாவின் 06 குறியீட்டு எண்களுக்கு அது 1999-ல்தான் வந்தது. மட்சுஷிடா, ஷார்ப், சான்யோ எல்லாம் ஒசாகாப் பக்கம். அந்தத் தாள்களுக்கு 1991 கணக்கைப் போட்டால் எட்டு வருடம் பிசகும். நுகர்வு வரி பற்றிய குறிப்பு இருந்தால் 1989 ஏப்ரலுக்குப் பிந்தையது.

பழந்தாள்:
நன்றி. மறுஅச்சா என்று எப்படிப் பார்ப்பது?

வால்வுசெட்:
10 மடங்கு லென்ஸ் போதும். அச்சகத்தின் ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வரிசையாக நிற்கும். கிராவ்யூரில் (செதுக்கிய உருளையால் அச்சிடும் முறை) எழுத்தின் விளிம்பே பல்பல்லாகத் தெரியும். வீட்டு இங்க்ஜெட் பிரதியில் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறியிருக்கும். கறுப்பு இடங்களுக்குள்ளும் நிறப்புள்ளிகள் தெரியலாம். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கம் தெரியாமலிருக்கத் தாளின் முதுகில் கறுப்பு அட்டை வையுங்கள், 600 டிபிஐ.

நாடாச்சுருள்:
அந்த முதுகையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். டிவி நிகழ்ச்சிப் பட்டியலோ திரைப்பட விளம்பரமோ இருந்தால் வாரம் வரைக்கும் நெருங்கிவிடலாம்.

தலைப்பே தேதி சொல்வதும் உண்டு. 1984 ஜனவரி 25 முதல் 28 வரை சோனி தன் வீடியோ நாடா முறையான பீட்டாமேக்ஸுக்கு நாளிதழ்களில் நான்கு நாள் தொடர் விளம்பரம் கொடுத்தது. 'பீட்டாமேக்ஸ் இல்லாமல் போய்விடுமா?' என்ற கேள்வி முதல் நாள், 'வாங்கினால் நஷ்டமா?' மறுநாள். இல்லை என்ற பதில் பொடி எழுத்தில். தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு அதுவே பீட்டாமேக்ஸின் இரங்கல் செய்தி மாதிரி ஆகிவிட்டது. இந்த நான்கில் ஒன்று கையில் கிடைத்தால் நாள் உட்படக் குறித்துக்கொள்ளலாம்.