விமானத்தில் செல்போன்: நிஜமாகவே ஆபத்தா, வெறும் சம்பிரதாயமா?

திரிசூலம் 07:
மீனம்பாக்கத்தில் கதவு சாத்தியதும் "ஃபிளைட் மோடில் போடுங்க" என்கிறார்கள். ஏ320 விமானத்தில் 180 சீட். அத்தனை பேரும் சொன்னபடி செய்கிறார்கள் என்று யாராவது சத்தியம் செய்வார்களா? மேல் பெட்டியில் பைக்குள் கிடக்கும் பட்டன் போன் கணக்கிலேயே வராது. ஆனாலும் விமானம் போகிறது, இறங்குகிறது. போன் நிஜமாகவே ஆபத்து என்றால் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கி வைத்திருப்பார்கள். கத்தரிக்கோலை எடுத்துக்கொள்கிறவர்கள் போனைக் கையிலேயே விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2014 செப்டம்பரிலேயே ஃபிளைட் மோடு இல்லாமலும் போனை வைத்திருக்க வழிவிட்டாயிற்று. இது வெறும் சம்பிரதாயம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

ஏவியானிக்ஸ் தாத்தா:
தம்பி, 2014 அறிவிப்பைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். ஒவ்வொரு விமான நிறுவனமும் தன்னிடம் உள்ள விமான வகை போன் அலைகளைத் தாங்கும் என்று மதிப்பீடு செய்து காட்டிய பிறகுதான் அந்தச் சலுகை. தாங்காத விமானத்துக்குச் சலுகை இல்லை. நம் நாட்டு விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏ 2014 ஏப்ரலில் அனுமதித்ததும் ஃபிளைட் மோடில் வைத்துப் பயன்படுத்தத்தான்.

குறுக்கீடு இரண்டு வழியாக நுழையும். முன்வாசல் என்பது ஆன்டெனா. போனிலிருந்து கசியும் அலை ஜன்னல் வழியே வெளியேறி, விமானத்தின் மேல்தோலில் உள்ள ஆன்டெனாவுக்குள் போகும். கொல்லைப்புறம் என்பது கம்பி. பக்கச் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஓடும் கம்பிக் கட்டுகளில் நேரடியாக ஏறி, கருவிப் பெட்டிக்குள் இறங்கும். இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு.

இந்தத் தடை செல்போனுக்காகப் பிறந்ததே இல்லை. 1960-களில் பயணிகள் கொண்டுவந்த எஃப்எம் ரேடியோவுக்காக வந்தது. எஃப்எம் ரேடியோ தான் கேட்கும் அலைவரிசையை விட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக உள்ளுக்குள் ஓர் அலையை உண்டாக்கும். சென்னையில் 98.3 வைத்தால் உள்ளே 109.0. ரெயின்போ 101.4 வைத்தால் 112.1. இரண்டும் விமானத்துக்குத் திசை காட்டும் தரை ரேடியோ வழிகாட்டியான விஓஆர் இயங்கும் 108 முதல் 118 வரையான பட்டைக்குள் விழுகின்றன. பாட்டுக் கேட்கும் பெட்டியே சின்ன டிரான்ஸ்மிட்டராகிவிடும்.

திரிசூலம் 07:
ஐயா, எஃப்எம் கணக்கு அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வால்வும் டிரான்சிஸ்டரும் காலத்துக் கதை. இன்றைய போன் அந்தப் பட்டையில் பேசுவதே இல்லை.

கொல்லைப்புறக் கணக்கை நானே போடுகிறேன். 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 2 வாட். 4ஜி போன் 200 மில்லிவாட், அதாவது பத்தில் ஒரு பங்கு. மின்புலம் கணக்கிட எளிய சூத்திரம்: வாட்டை 30-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மீட்டர் தூரத்தால் வகுக்க வேண்டும். ஒரு மீட்டரில் 2ஜி போன் தருவது 7.7 வோல்ட்/மீட்டர், 4ஜி 2.4. பிரிட்டன் சிவில் விமான ஆணையம் 2003-இல் சோதித்தபோது திசைகாட்டி உறைந்ததும், விஓஆர் 5 டிகிரி வரை தப்பாகக் காட்டியதும் 30 வோல்ட்/மீட்டருக்கு மேலேதான். 2 வாட் போனால் 30 எட்ட வேண்டுமானால் கருவியிலிருந்து சுமார் 26 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 4ஜி போன் என்றால் 8 சென்டிமீட்டர். 17-ஆம் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் கை அவ்வளவு நீளமா?

ஏவியானிக்ஸ் தாத்தா:
அந்தச் சூத்திரம் திறந்த வெளிக்கு. விமானம் அலுமினியக் குழாய். அலை சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும்; சில இடத்தில் கூடும், சில இடத்தில் அடங்கும். ஒரு போனுக்குப் போட்ட கணக்கு ஐம்பது போனுக்குப் பொருந்தாது. உங்கள் 26 சென்டிமீட்டரைத் தள்ளுபடி செய்யவில்லை, அதை எல்லைக்கோடாக எடுக்காதீர்கள் என்கிறேன்.

முன்வாசலுக்கு வருவோம். போன் தன் பட்டைக்கு வெளியே கசியவிடலாம் என்று தரநிலை அனுமதிப்பது 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே மைனஸ் 36 டிபிஎம், அதாவது கால் மைக்ரோவாட். கொசுறு போலத் தெரியும். ஆனால் ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோகலைசர் ரிசீவர் எல்லையில் கேட்க வேண்டிய சிக்னல் சில பிக்கோவாட். கால் மைக்ரோவாட் அதற்கு ஒரு லட்சம் மடங்கு. இடையில் விமான உடலும் தூரமும் அந்த ஒரு லட்சத்தைக் குறைத்துத் தருவதால்தான் பிழைக்கிறோம். பெரிய விமானத்தில் தாராளமாகவே குறையும். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் போகும் ஏடிஆர் மாதிரிச் சிறிய உடலில் சீட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் இடைவெளியே கொஞ்சம்தான்.

அதுவும் போன் தரநிலைப்படி இருந்தால். ரிச்சி தெருவில் போர்டு வேலை பார்த்த போனைத் திறந்து பாருங்கள். ஐசி மேல் இருக்க வேண்டிய தகர ஷீல்டு மூடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஒட்டாமலே மூடியிருப்பார்கள். பேச்சு கேட்கும், நெட் வரும், வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. கசிவு எவ்வளவு என்று எந்தக் கடையிலும் அளப்பதில்லை. மலிவு சார்ஜரும் இதே ஜாதி: வடிகட்டிச் சுருளை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

திரிசூலம் 07:
"இருக்கலாம், இருக்கலாம்" என்றே போகிறது ஐயா. கருவியே கெட்டது என்று ஒன்று காட்டுங்கள்.

ஏவியானிக்ஸ் தாத்தா:
2014, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ போட்ட உத்தரவு. போயிங் 737, 777 வகைகளில் ஹனிவெல் தயாரித்த விமானி முன் திரைகள். வைஃபை பொருத்துவதற்கான சோதனையில் திரை காலியானது. உயரம், வேகம், திசை எல்லாம் அந்தத் திரையில்தான். அமெரிக்காவில் பதிவான சுமார் 1,300 விமானங்களில் திரையை மாற்ற 5 ஆண்டு கெடு கொடுத்தார்கள். போதுமா?

திரிசூலம் 07:
போதாது, ஏனென்றால் அது என் பக்கத்துச் சாட்சி. ஒன்று, அது நடந்தது சோதனையில். இரண்டு, அது வைஃபை; ஃபிளைட் மோடு போட்ட பிறகும் வைஃபையைத் தனியாக ஆன் செய்யலாம், இப்போது காசு வாங்கிக்கொண்டு அவர்களே விற்கிறார்கள். மூன்று, தீர்வு என்ன? பயணியைத் திட்டவில்லை, திரையை மாற்றினார்கள். விமானத்தைத்தான் போனைத் தாங்கும்படி கட்ட வேண்டும். சத்தியவான் என்ன, சாமானியன் என்ன, எவர் கையில் இருக்கும் பொத்தானையும் நம்பிப் பாதுகாப்பை அமைக்கக் கூடாது.

அலைக்கற்றை:
இருவரும் காக்பிட்டையே சுற்றி வருகிறீர்கள். செல்போனுக்கென்றே வந்த தடை வேறு இடத்தில் பிறந்தது. 1991-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் எஃப்சிசி போட்டது. காரணம் தரையிலுள்ள நெட்வொர்க்.

செல் நெட்வொர்க்கின் அடிப்படை, ஒரே அலைவரிசையைச் சற்றுத் தள்ளியுள்ள டவர்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. தரையில் கட்டடம் மறைப்பதால் இது நடக்கிறது. 10 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் நேர்க்கோட்டுப் பார்வை 350 கிலோமீட்டர் தாண்டும். சென்னைக்கு மேலே இருக்கும் போனுக்குப் பெங்களூரு டவரும் கண்ணுக்கெட்டும். ஒரு போன், ஒரே நேரத்தில், நூற்றுக்கணக்கான டவர்களுக்குத் தொல்லை. ஆனால் தொடர்பு மட்டும் கிடைக்காது. டவர் ஆன்டெனா கீழ்நோக்கிச் சாய்த்திருப்பார்கள். 2ஜியில் டவரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தாண்டினால் போன் சிக்னல் டவருக்கு வந்துசேரும் நேரக் கணக்கே இடிக்கும். 800 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு டவரைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். கிடைக்காத போன் என்ன செய்யும்? குரலை உயர்த்திக்கொண்டே போகும். முழுச் சக்தியில் கத்தும். தாத்தா பயப்படும் 2 வாட் அப்போதுதான் வருகிறது. டவர் பக்கத்தில் இருந்தால் அதே போன் முணுமுணுப்பதோடு சரி.

அதனால்தான் விமானத்துக்குள்ளேயே குட்டி டவர் வைக்கும் முறை வந்தது. ஐரோப்பா 2008-இல் அனுமதித்தது. கேபினுக்குள் 2ஜி போனை 1 மில்லிவாட்டுக்கு அடக்குவார்கள். கூடவே ஒரு பெட்டி, கீழே உள்ள டவர்கள் போனுக்குக் கேட்காதபடி லேசான இரைச்சலைப் பரப்பும். போனைப் பேச அனுமதித்தால் விமானம் அமைதியாகிறது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. இந்தியாவில் 2018 டிசம்பரில் வந்த விதிகள் 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகுதான் இந்தச் சேவை என்கின்றன.

வேளச்சேரி வாசகி:
அண்ணா, ஒரு சந்தேகம். 2022 ஜனவரியில் 5ஜியால் அமெரிக்காவுக்குப் போகும் ஏர் இந்தியா விமானங்களையே ரத்து செய்தார்களே. அது போன் பிரச்சினை இல்லையா?

அலைக்கற்றை:
அது டவர் பிரச்சினைம்மா. தரைக்கும் விமானத்துக்கும் உள்ள தூரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அமெரிக்கா 5ஜிக்கு விற்றது 3.7 முதல் 3.98 வரை. இடையே 220 மெகாஹெர்ட்ஸ் மட்டும். பழைய ஆல்டிமீட்டர்களில் வடிகட்டி சுமார், பக்கத்துப் பட்டையையும் உள்ளே விட்டுவிடும். இந்தியாவில் 5ஜி 3.67-இல் முடிகிறது, இடைவெளி 530 மெகாஹெர்ட்ஸ். அப்படியும் 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, ஓடுபாதையின் இரு முனையிலிருந்து 2.1 கிலோமீட்டருக்குள்ளும் நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டருக்குள்ளும் அந்தப் பட்டையில் டவர் வைக்காதீர்கள் என்றது. பல்லாவரம், பொழிச்சலூர்க்காரர்கள் கோட்டை வரைந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஏவியானிக்ஸ் தாத்தா:
ஆல்டிமீட்டர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். துருக்கி ஏர்லைன்ஸ் 737. ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடி என்றது. விமானம் தரையில் இருப்பதாக நினைத்துத் தானியங்கி த்ராட்டில் எஞ்சினைத் தளர்த்திவிட்டது. விமானிகள் கவனிப்பதற்குள் வேகம் போய், 9 பேர் இறந்தார்கள். போனால் அல்ல, கருவிக் கோளாறு. நான் சொல்ல வருவது, முழுசாகச் செத்த கருவியை விடக் கொஞ்சம் பொய் சொல்லும் கருவி மோசம். சிவப்புக் கொடி விழாது, எண் மட்டும் மாறியிருக்கும்.

திரிசூலம் 07:
போனால் அல்ல என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 2000 ஜனவரியில் சூரிக் அருகே விழுந்த கிராஸ்ஏர் சாப் 340-க்கும் முதலில் போன்மீதுதான் பழி. கடைசி அறிக்கை விமானி திசை தடுமாறியதைச் சொன்னது. போன் சந்தேகப் பட்டியலில் வரும், தீர்ப்பில் வராது.

ஏவியானிக்ஸ் தாத்தா:
நியூசிலாந்து, கிறைஸ்ட்சர்ச், 2003 ஜூன் 6. பைப்பர் சீஃப்டன், சிறிய இரட்டை எஞ்சின் விமானம், 8 பேர் மரணம். விமானியின் சொந்தப் போன் கடைசி 3 நிமிடமும் அழைப்பில் இருந்தது. அது கருவியைத் தப்பாகக் காட்டவைத்திருக்கலாம் என்று அங்குள்ள விபத்து விசாரணை ஆணையமே எழுதியது. "இருக்கலாம்"தான், நிரூபணம் இல்லை. ஆனால் உங்கள் 26 சென்டிமீட்டர் கணக்கு அங்கே பொருந்துகிறது பாருங்கள். போன் காக்பிட்டுக்குள்.

திரிசூலம் 07:
பொருந்துகிறது. அப்படியானால் விமானியின் பையைச் சோதியுங்கள், 17-ஆம் வரிசையை விடுங்கள். சிறிய விமானத்துக்குத் தனி விதி என்றால் கையெழுத்துப் போடுகிறேன். ஏ320-க்கும் அதே விதி என்றால் மாட்டேன்.

அலைக்கற்றை:
நடுவில் ஒன்று. விமானிகள் அதிகம் புகார் சொல்வது காதில் கேட்கும் "டட்-டட்-டட்"தான். 2ஜி போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அனுப்புவதால் ஹெட்செட்டில் வரும் இரைச்சல். விமானம் விழாது, ஆனால் "3,000 அடிக்கு இறங்கு" என்பது "2,000" என்று காதில் விழுந்தால் போதும். ஜியோவில் 2ஜியே கிடையாது. ஏர்டெல், பிஎஸ்என்எல்லில் சிக்னல் மெலிந்தால் போன் தானாக 2ஜிக்கு இறங்கும்.

வேளச்சேரி வாசகி:
எனக்கு என்னமோ இதையெல்லாம் விட பேட்டரிதான் பயமாக இருக்கிறது.

ஏவியானிக்ஸ் தாத்தா:
சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. இதில் எனக்கும் தம்பிக்கும் சண்டையே வராது. 5,000 எம்ஏஎச் போன் சுமார் 19 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74. கைப்பையில் 100 வரை தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். செக்-இன் பெட்டியில் பவர் பேங்க் கூடவே கூடாது. அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை.

போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ கூடாது. உள்ளே இருக்கும் இரும்பு போனை நசுக்கும், பேட்டரிக்குள் தகடுகள் ஒட்டி, செல் சூடாகித் தீப்பற்றும். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். தீ வந்தால் விமானத்தில் வைத்திருக்கும் ஹேலான் தீயணைப்பான் சுவாலையை மட்டும் அடக்கும், சூட்டைத் தணிக்காது. அதன்பின் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது, கம்பளியால் மூடக் கூடாது, சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

திரிசூலம் 07:
ஆமென். ஃபிளைட் மோடு அறிவிப்பைக் குறைத்துவிட்டு இந்தச் சீட் விஷயத்தைச் சொன்னால் நான் கைதட்டுவேன்.

அலைக்கற்றை:
அறிவிப்பைக் குறைக்க வேண்டாம், சரியாகச் சொன்னால் போதும். சிம் உள்ள கைக்கடிகாரத்துக்கும் டேப்லெட்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். சில கடிகாரங்களில் போனில் போட்டால் கடிகாரத்துக்குப் போகாது. பட்டன் போனை அணைத்தால் மட்டும் போதாது, அலாரத்தையும் எடுத்துவிடுங்கள். சில மாடல்கள் அலாரத்துக்காகத் தானாக உயிர்பெறும், "போனை ஆன் செய்யவா" என்று கேட்கும், பைக்குள் "ஆம்" பொத்தானில் ஏதாவது இடித்தால் ஆன் ஆகிவிடும்.

திரிசூலம் 07:
ஏடிஆரில் மேல் பெட்டியில், 2 வாட்டில், காலை 5 மணி அலாரத்தோடு. சரி, அந்த ஒரு போனுக்கு மட்டும் தாத்தா கட்சி.

ஏவியானிக்ஸ் தாத்தா:
அந்த ஒன்று எந்தப் பையில் என்று தெரிந்தால் மற்ற 179 பேரை நானும் விட்டுவிடுவேன், தம்பி.