நாடுகடத்தப்படுபவர் உங்கள் விமானத்தில் இருந்தாரா? கப்டன் என்ன செய்தார்?

ஹட்டனிலிருந்து:

ஐரோப்பாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும்போது நடந்தது. நான் ஏறும்போதே கடைசி வரிசை ஜன்னலோரத்தில் ஒரு தம்பி இருந்தான். பக்கத்தில் சாதாரண உடுப்பில் இரண்டு காவலர்கள். இப்படி அனுப்பப்படுபவர்களை மற்றவர்களுக்கு முன்பே ஏற்றிப் பின்னால் உட்கார வைப்பதுதான் வழக்கம். கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் வந்து, தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். எழுந்து பின்னால் போனால், கப்டனே அங்கே நிற்கிறார்.

உடம்புக்கு ஏதும் வருத்தமா, தன்னிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். தம்பி வாய் திறக்கவில்லை. "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றேன். "தலவாக்கலை அண்ணே." அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது. தனக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது, மூச்சுக்கு அடிக்கும் பம்ப் பெரிய பெட்டியோடு போய்விட்டது, சைகையில் காட்டியும் கூட வந்தவர்களுக்கு விளங்கவில்லை என்றான். நான் சொன்னதும் கப்டன் காவலர்கள் பக்கம் திரும்பி, பம்ப் இவன் கைக்கு வராமல் கதவு மூடப்படாது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பெட்டியைத் தேடி இறக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். முன்னால் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், ஒரு உயிர் விஷயம்.

வீட்டுக்கு வந்துதான் இதைப் பற்றி வாசித்தேன். சர்வதேச விமானப் போக்குவரத்து பற்றிய சிகாகோ உடன்படிக்கையின் 9ஆம் இணைப்பின்படி, அனுப்பும் நாடு ஆளைப் பற்றிய விபரங்களையும் ஆபத்து மதிப்பீட்டையும் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பாதுகாப்பில் நியாயமான சந்தேகம் இருந்தால் ஏற்ற முடியாது என்று கப்டன் சொல்லலாம். கதவு மூடியபின் 1963 டோக்கியோ உடன்படிக்கை வருகிறது: விமானத்தில் ஒழுங்கைக் காக்க ஆளைக் கட்டுப்படுத்தவும், தரையிறங்கும் இடத்தில் இறக்கிவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நாடுகடத்தும் உத்தரவு சரியா பிழையா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை, அது கோர்ட்டின் வேலை. ஆனால் கொடுத்த பேப்பரை மட்டும் பார்த்துவிட்டு, ஆளைப் பார்க்காமல் கதவை மூடும் கப்டன் பாதி வேலைதான் செய்கிறார் என்பேன்.

பண்டாரவளையிலிருந்து:

என் அக்கா வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போய், விசா பிரச்சினையில் திருப்பி அனுப்பப்பட்டவள். காவலுக்கு யாரும் வரவில்லை. பாஸ்போர்ட்டைக் கவரில் போட்டு விமான ஊழியரிடம் கொடுத்துவிட்டார்கள். கட்டுநாயக்கவில் அது நேரே குடிவரவு அதிகாரியின் கைக்குப் போனது. "நான் என்ன களவா எடுத்தேன்" என்று வழிநெடுக அழுதிருக்கிறாள். இப்படித் தனியாக வருபவர்களைப் பற்றியும் கப்டனுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. அவளிடம் வந்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதுளையிலிருந்து:

மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் அப்பாயியை ஏற்றிப் போனது ஒப்பாரிக் கோச்சி, அழுகையோடு போனதால் அந்த ரயிலுக்கு அப்படிப் பெயர். விரும்பிப் போனவர்களும் உண்டு, அப்பாயி விரும்பவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். அதனால் அந்தக் கப்டன் பின்னால் வந்து நின்று கேட்டது எனக்குப் பெரிய விஷயம். சரி, பக்கத்தில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்?

ஹட்டனிலிருந்து:

2010இல் ஹீத்ரோவில் அங்கோலாவுக்குப் புறப்பட இருந்த விமானத்தில் ஜிம்மி முபெங்கா என்பவர் காவலர்கள் பிடித்து அமுக்கியதில் இறந்தார். மூச்சு விட முடியவில்லை என்று அவர் கத்தியது பயணிகள் காதில் விழுந்தது. கப்டன் இருப்பது விமானி அறையின் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், பின் வரிசையில் நடப்பது அவருக்குத் தானாகத் தெரியாது. அதனால் பெல்லை அழுத்தி ஊழியரைக் கூப்பிட்டு, "இதைக் கப்டனுக்கு இப்போதே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சரி என்று போனவர் திரும்பி வரவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள். காவலர்களோடு மல்லுக்கட்டப் போக வேண்டாம், ஊழியரின் சொல்லை மீறினால் குற்றம் உங்கள் தலையில் விழும். அங்கே இருப்பவர் நம் ஆள் என்று தெரிந்தால், மொழிபெயர்க்க வரட்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள், அதுவும் கதவு மூடுவதற்கு முதல்.